ராமநாதபுரம் மாவட்டம்: கண்மாய், முண்டு வத்தல், கரி மூட்டம் – தெரிந்தவர்கள் எழுதுங்கள்

திரியைத் தொடங்கியவர்:
'தண்ணியில்லாக் காடு' என்று ஒரே வார்த்தையில் இந்த மாவட்டத்தை முடித்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற பூமி இது. பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டிவிடும். அதை அடுத்த மழைவரை நிறுத்தி வைக்கும் ஏற்பாட்டில்தான் ஊர்கள் எல்லாம் பிழைக்கின்றன. மண்ணோ நீரோ தொழிலோ, கைப்பழக்கம் உள்ளவர்கள் விவரமாக எழுதுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

பார்த்திபனூர் பக்கத்திலிருந்து:
பார்த்திபனூர் மதகு அணையில் வைகையிலிருந்து இடது, வலது பிரதானக் கால்வாய்கள் பிரிகின்றன. மிச்சம் ஓடி ராமநாதபுரம் பெரிய கண்மாயில் (கண்மாய் என்றால் ஏரி) போய் விழும். அது நிரம்பி மிஞ்சினால்தான் ஆற்றங்கரைப் பக்கம் கடலுக்குத் தண்ணீர்.

ஒரு கண்மாயைப் புரிந்துகொள்ள மூன்று இடம் பாருங்கள். முதலில் வரத்துக்கால், அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்கால். கருவை (சீமைக்கருவேல மரம்) முளைத்து அடைத்திருந்தாலோ, யாராவது வரப்பைத் தள்ளிப் போட்டு ஒடுக்கியிருந்தாலோ, கண்மாயை எவ்வளவு தூர்வாரினாலும் பயன் இல்லை. அடுத்தது மடை, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வாய். பழைய கல்மடையில் இரண்டு கல்தூண் நிற்கும், நடுவே குமிழி என்கிற துளை வைத்த கல்தொட்டி. மேல் துளை நீரோடி, அடித்துளை சேறோடி. நீரோடியில் பாசனத் தண்ணீர் போகும்போதே சேறோடி வழியாக வண்டல் கொஞ்சம் கொஞ்சமாக வயலுக்கு வெளியேறிவிடும். உரமும் ஆயிற்று, கண்மாயும் மேடாகாது. பல இடங்களில் பழுது பார்க்கும்போது அடித்துளையைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார்கள். அந்தக் கண்மாய்கள் சீக்கிரமே மேடு தட்டுகின்றன.

மூன்றாவது கலுங்கு. மிகைநீர் இதன்மேல் வழிந்து அடுத்த கண்மாய்க்கு வரத்தாகப் போகும். கூடுதலாகத் தேக்கலாம் என்று மணல் மூட்டை அடுக்கி இதை உயர்த்தினால் கீழூர்க்காரனுக்கு வரத்து குறையும், பெருமழை வந்தால் கரையின் பலவீனமான இடத்தில் உடைப்பெடுக்கும்.

தூர்வாரலில் நடக்கும் பெரிய தப்பு ஒன்று உண்டு. மடையின் தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிவிடுகிறார்கள். அந்தப் பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் மடை வழியாக ஏறவே ஏறாது. மாடு குடிக்கலாம், மீன் கிடக்கலாம், வயலுக்கு ஒரு சொட்டு வராது. கரையின் உள்சரிவை ஒட்டி மண் அள்ளுவதும் கூடாது. அடி தளர்ந்தால் கரை சரியும்.

திருவாடானை வட்டம்:
அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். நாரைகூட ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அகலம் என்று பொருள். எங்கள் பக்கம் நெல்தான். ஆவணி, புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். முளைத்த பிறகு இரண்டு வாரம் வானம் பொய்த்தால் மறு விதைப்புத்தான். அதற்கென்று விதைநெல்லில் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது அவசியம்.

நிர்வாகக் கதையும் சுருக்கமாக: 1803-ல் சேதுபதி மன்னர்கள் ஆண்ட ராமநாதபுரம் சீமை ஜமீனாக மாறியது. 1910-ல் மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளைச் சேர்த்து மாவட்டம் ஆனது. 1985-ல் சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்தன. பழைய ஆவணத்தில் 'ராமநாதபுரம் ஜில்லா' என்று இருந்தால் அது சிவகாசியாகவும் இருக்கலாம், காரைக்குடியாகவும் இருக்கலாம். பூர்வீகம் தேடுகிறவர்கள் முதலில் ஆண்டைப் பாருங்கள். கண்மாய் மனு கொடுப்பவர்களுக்கு: 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) இருந்தால் பொதுப்பணித்துறை வழிவந்த நீர்வளத்துறை, குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். இடம் மாறிப் போனால் மனு அலைந்துகொண்டே இருக்கும்.

கமுதி:
முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும். கரிசலில் மானாவாரியாக ஐப்பசி வாக்கில் விதைத்தால் மாசி முதல் பழம் எடுக்கலாம். செடியடியில் ஒரு நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுகும். எனவே விதைக்கும் முன்பே வடிகால் வெட்டுங்கள்.

பறித்த பழத்தை உடனே காயப்போடாதீர்கள். நிழலில் குவித்து ஓரிரு நாள் மூடி வைத்தால் அரைப்பழமும் சிவந்து நிறம் ஒன்றாகும். பிறகு களத்தில் மெல்லிய பரப்பலாக விரித்து, மாலையில் குவித்து மூடிவிட வேண்டும். பனியில் நனைந்த பழம் வெளுத்துச் சண்டு வத்தலாகிவிடும், பாதி விலைகூடக் கேட்க மாட்டார்கள். ஒரு பழத்தை எடுத்துக் காதருகே குலுக்குங்கள். உள்ளே விதை கலகலவென்று ஆடினால் காய்ந்துவிட்டது. சத்தம் மந்தமாக இருந்தால் மூட்டை கட்டாதீர்கள், பூசணம் பிடிக்கும்.

சாயல்குடி:
கருவையை எல்லோரும் திட்டுகிறோம். ஆனால் மழை பொய்த்த ஆண்டில் அடுப்பெரிய வைப்பது அந்த மரத்தைச் சுட்டு விற்கும் கரிதான். மூட்டம் போடுவதில், அதாவது விறகை அடுக்கி மண் மூடிக் கரியாக்குவதில், கைச்சுத்தம் வேண்டும். தடித்த கட்டை நடுவில், மெல்லியது சுற்றிலும். இடைவெளி விடாமல் அடுக்கி, இலைதழை பரப்பி, மேலே ஈரமண் பூச வேண்டும். உச்சியில் தீ வைத்தபின் புகையைப் பாருங்கள். வெள்ளையாகக் கனத்து வந்தால் இன்னும் ஈரம் போகிறது. நீலம் பாரித்து மெலிந்தால் கரி பிடித்துவிட்டது, புகை போகும் துளைகளை அடைத்துவிடலாம். பூச்சில் வெடிப்பு கண்டால் அந்த நிமிஷமே மண் அப்புங்கள். காற்று புகுந்த இடமெல்லாம் சாம்பல்தான். சூடு ஆறும் முன் அவசரப்பட்டுப் பிரித்தால் மொத்தமும் திரும்பப் பற்றிக்கொள்ளும். ஐந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி தேறினால் நல்ல மூட்டம். தூர்க்கட்டைக் (மரத்தின் அடிக்கட்டை) கரிக்கு எடை அதிகம்.

மண்டபம்:
கடலோரத்தில் கண்மாய்க் கணக்கு செல்லாது. இங்கே மணலுக்கு அடியில் உப்புத்தண்ணீர், அதன்மேல் மழைத்தண்ணீர் மெல்லிய ஏடுபோல் மிதக்கும். அதனால் ஊற்று ஆழமாக இருக்கக் கூடாது. கையால் மணலை விலக்கி, கசிவு தெரிந்ததும் நிறுத்த வேண்டும். கசிந்து சேர்வதைச் சிரட்டையால் அலுங்காமல் மொண்டு துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைந்ததும் ஊற்றை ஊற விட்டுவிட்டுத்தான் அடுத்த குடம். அவசரப்பட்டு மோட்டார் வைத்து இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். ஏறிய ஊற்று அடுத்த பெருமழைவரை தேறாது. ஊற்று கரித்தால் தோண்டி ஆழமாக்காதீர்கள், பத்தடி தள்ளிப் புதிதாகப் பறியுங்கள்.