வொர்க்கர் எண்ணிக்கை 30தான், போஸ்ட்கிரெஸ் இடமில்லை என்கிறது. உதவி தேவை

பொருநை:
அவசரம். ஸ்கேன் செய்த பத்திரங்களை இரவில் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பதிவு செய்யும் நிரல். கன்ஃபிக் (அமைப்பு) கோப்பில் வொர்க்கர் (ஒரே நேரத்தில் இணையாக வேலை பார்ப்பவை) 30 என்று வைத்திருக்கிறேன். ஓடத் தொடங்கியதுமே 'டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி' (ஏற்கெனவே இணைப்புகள் மிகுதி) என்று விழுந்துவிடுகிறது. 10 வைத்தால் ஓடுகிறது, ஆனால் விடிந்தும் முடிவதில்லை. நாளைக்குள் சரிசெய்தாக வேண்டும்.

கரிசல்:
எந்த மொழி? 30 என்பது த்ரெட்டா (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழை), புராசஸா (தனியாக ஓடும் நிரல்)? டேட்டாபேஸ் கனெக்ஷனை எங்கே திறக்கிறீர்கள்?

தும்பை:
பைத்தான் என்றால் கனெக்ஷனை மூடாமல் விட்டிருப்பீர்கள். எனக்கு மூன்று முறை நேர்ந்திருக்கிறது. 'வித்' போட்டு எழுதுங்கள், தானாக மூடிக்கொள்ளும்.

கரிசல்:
பைத்தானிலிருந்து போஸ்ட்கிரெஸை அணுகும் சைக்கோபிஜி2 நூலகத்தில் மூடாது தும்பை. கமிட் (மாற்றங்களை உறுதிசெய்வது) மட்டும்தான் செய்யும். பலரும் ஏமாறும் இடம் அது.

வடவரை:
தம்பி, ஆவணத்தை ஒருமுறை படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. த்ரெட்டுகளை நிர்வகிக்கும் த்ரெட்பூல்எக்ஸிக்யூட்டருக்கு எண்ணிக்கை கொடுக்காவிட்டால் அதுவே ஒன்றை எடுத்துக்கொள்ளும். உங்கள் கன்ஃபிக் வாசிக்கப்படவே இல்லை. பல ஆண்டுகளாக இதே தவற்றைப் பார்த்துவருகிறேன்.

கரிசல்:
ஐயா, பைத்தான் 3.8 முதல் அந்த எண் 32-ஐத் தாண்டாது. 32 கனெக்ஷனுக்கு போஸ்ட்கிரெஸ் நிரம்பாதே.

பொருநை:
பைத்தான் 3.11, சைக்கோபிஜி2, த்ரெட்தான். ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு கனெக்ஷன் திறந்து கடைசிவரை வைத்திருக்கும். இப்போது ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன். 24 ஓடுகிறது, 25 விழுகிறது.

கரிசல்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! போஸ்ட்கிரெஸின் இயல்பு அளவு 100 கனெக்ஷன். அதில் 3 சூப்பர்யூசருக்கு (நிர்வாகிக்கு) ஒதுக்கியவை. மிச்சம் 97. நாலு இருபத்துநாலு 96, நாலு இருபத்தைந்து 100. உங்கள் நிரல் நான்கு நகலாக ஓடுகிறது. ஓடும் புராசஸ்களைக் காட்டும் 'பிஎஸ்' கட்டளை போட்டு எத்தனை வரி வருகிறது என்று பாருங்கள்.

அலைமகன்:
எதற்கு த்ரெட்? ஒரே த்ரெட்டில் பல வேலைகளை மாற்றி மாற்றிப் பார்க்கும் ஏசிங்க்ஐஓவுக்கு மாறுங்கள், வொர்க்கர் எண்ணிக்கை என்ற கவலையே இராது.

தும்பை:
அங்கேயும் செமஃபோர் (ஒரே நேரத்தில் இத்தனைதான் என்று தடுப்பது) போட்டுத்தான் கட்டுப்படுத்த வேண்டும். தவிர, ஹாஷ் கணக்கிடும் நேரமெல்லாம், அந்த வேலைகளை மாற்றிவிடும் ஈவன்ட் லூப் நின்றுவிடும். பெரிய கோப்பென்றால், ஹாஷ் கணக்கிடும் ஹாஷ்லிப் நூலகம் ஜிஐஎல் பூட்டை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் பைத்தான் பூட்டு) விட்டுவிடுகிறது. இந்த வேலைக்கு த்ரெட் பொருத்தம்தான்.

அலைமகன்:
ஹாஷை மட்டும் தனி த்ரெட்டுக்கு அனுப்பலாமே.

தும்பை:
அப்படியானால் மறுபடி வொர்க்கர் பூல்தானே?

வடவரை:
போஸ்ட்கிரெஸின் மேக்ஸ் கனெக்ஷன்ஸை (கனெக்ஷன் உச்சவரம்பை) 500 ஆக்குங்கள். முடிந்தது.

கரிசல்:
மாற்றினால் டேட்டாபேஸை நிறுத்தித் தொடங்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்ஷனும் ஒரு தனி புராசஸ். அந்த சர்வரை வேறு யார் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியாமல் இப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பொருநை:
நான்கு வரி வருகிறது அண்ணா! எனக்கு முன் இருந்தவர் நிரலைத் தொடங்கும் சர்வீஸ் கோப்பில் சிபியு கோருக்கு ஒரு நகல் என்று எழுதியிருக்கிறார். கோப்புறை வாரியாகப் பிரித்துக்கொள்கின்றன. நான் கன்ஃபிக் கோப்பை மட்டுமே பார்த்தேன்.

கரிசல்:
கன்ஃபிக்கில் இரண்டு எண் வையுங்கள். கோப்பைப் படிக்கும் வொர்க்கர் 30 அப்படியே இருக்கட்டும். கனெக்ஷனுக்குத் தனி எண்: நகலுக்கு 5, மொத்தம் 20. பதிவு செய்யும் அந்த ஒரு கணத்துக்குத்தானே கனெக்ஷன் தேவை? ஹாஷ் கணக்கிடும்போது அதைப் பிடித்துவைத்திருப்பது வீண்.

ஒரு எச்சரிக்கை. சைக்கோபிஜி2-இன் த்ரெட்டட்கனெக்ஷன்பூல் (த்ரெட்டுகள் பகிரும் கனெக்ஷன் தொகுப்பு) காலியானால் காத்திருக்காது, உடனே பிழை எறியும். அதனால் முன்னால் 5 என்று ஒரு செமஃபோர் வையுங்கள். கனெக்ஷனைத் திருப்பிக் கொடுப்பதை 'ஃபைனலி' பகுதியில் எழுதுங்கள். நடுவில் பிழை வந்தாலும் இடம் திரும்ப வேண்டும்.

வடவரை:
கனெக்ஷன்களை நடுவிலிருந்து பகிர்ந்தளிக்கும் பிஜிபவுன்சர் வைத்தால் இத்தனை எழுத வேண்டியதே இல்லை.

தும்பை:
ஒரே நிரலுக்காக இன்னொரு சர்வீஸா ஐயா?

பொருநை:
செமஃபோர் 5, வொர்க்கர் 30. இரவு பிழை ஒன்றும் இல்லை, 5.40-க்கு முடிந்துவிட்டது. நன்றி கரிசல் அண்ணா.

கரிசல்:
மகிழ்ச்சி. எல்லாக் கோப்புகளையும் ஒரே மூச்சில் எக்ஸிக்யூட்டருக்கு சப்மிட் செய்கிறீர்களா? அதன் காத்திருப்பு வரிசைக்கு உச்சவரம்பு கிடையாது, நினைவகம் ஏறும். எத்தனை கோப்புகள்?

தும்பை:
பொருநை, இருக்கிறீர்களா?