விலைபோனது யார்? கடற்கரைத் திருவிழாவும் ஒரு டெக்னோக்காரனும்

குளச்சல் அலை:
மக்கா, மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். போன வாரம் எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊரில் திருவிழாக் கடைசி நாள். டிஜே மேடையில் நின்றவன் என் நண்பன். மார்த்தாண்டத்தில் மாடி அறையில் ஏழு வருஷமாக டெக்னோ, அதாவது மின்னணுக் கருவிகளில் உருவாக்கும் ஆட்ட இசை, செய்கிறவன். ஒரு கிக், அதாவது பெரிய டிரம் அடி, அந்தச் சத்தத்தின் வால் எங்கே முடிய வேண்டும் என்று மூன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தவன். அன்றைக்கு அவன் போட்டது எல்லாம் சினிமாப் பாட்டு ரீமிக்ஸ். எந்தப் பாட்டை எடுத்தாலும் அதே ஏற்றம், அதே ஸ்னேர் டிரம் உருட்டல், ஒரு நொடி அமைதி, அப்புறம் டிராப், அதாவது தாளமும் பேஸும் மொத்தமாக வந்து விழும் இடம். பையன்கள் கை தூக்குகிறார்கள், இவனும் தூக்குகிறான். என் கண் முன்னாலேயே காசுக்காகத் தன் இசையை விட்டு விலைபோய்விட்டான். இதைவிட வேறு எப்படிச் சொல்வது?

தக்கலை மைக்செட்:
அப்பா காலத்திலிருந்து மைக்செட் போடுகிற வீடு எங்களுடையது. அதனால் மேடைக்குப் பின்பக்கத்திலிருந்து சொல்கிறேன். டெம்போவில் ஆறு பேஸ் பாக்ஸ் ஏற்றி, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி, கடல் காற்றில் உப்புப் படியும் வயரைத் துடைத்து மாட்டி ஒரு ராத்திரியை ஓட்டுவதற்குக் காசு வேண்டும். ஊர்க்காரர்கள் வீடு வீடாகப் பிரித்த வரிப்பணம் அது. அவர்கள் ஆட வேண்டும் என்று கூப்பிட்டார்கள், இவன் ஆட வைத்தான். அவனுடைய மாடி அறைப் பாட்டை இதுவரை கேட்டது எத்தனை பேர்? நீங்களும் இன்னும் பதினைந்து பேரும். உங்களுக்கு மட்டும் சொந்தமாக இருந்தது பத்து ஊருக்குப் போகிறது என்ற வருத்தம்தான் எனக்குத் தெரிகிறது.

வடசேரி 303:
இரண்டு பேரும் காசைப் பிடித்துக்கொண்டே பேசுகிறீர்கள். இந்த இசை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

சிகாகோவில் வேர்ஹவுஸ் என்ற கிளப். டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் 1977இலிருந்து அங்கே இசைத்தட்டு சுழற்றினார். ஹவுஸ் என்ற ஆட்ட இசையின் பெயரே அந்த இடத்தின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பாளர்கள். வெளியே அவர்களுக்கு இடமில்லை. 1979இல் அதே ஊரில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த வெறுப்புக்கு நடுவில் ஒரு கூட்டம் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடுதான் ஹவுஸ். டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் டெக்னோவுக்கு அடித்தளம் போட்டார்கள். மூவருமே கறுப்பின இளைஞர்கள். 2010ஐ ஒட்டி இதே இசை ஈ.டி.எம்., அதாவது மின்னணு நடன இசை, என்ற பெயரில் மைதானங்களை நிறைத்தபோது, வந்து ஆடியவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்? விலைபோவது என்று நான் சொல்வது இந்த மறதியைத்தான். ஒருவன் சம்பளம் வாங்குவதை அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு ரொம்பப் பிடித்த கதை. ரோலண்ட் கம்பெனி டி.பி.303 என்று ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தது. பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்கு என்று செய்தது. கிட்டார் மாதிரிச் சத்தமே வரவில்லை, விற்கவுமில்லை, 1984இல் நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் விலைக்கு வாங்கிய சிகாகோ பையன்கள் அதன் குமிழ்களைத் திருகித் திருகிப் பிழிந்தெடுத்ததுதான் ஆசிட் ஹவுஸ் என்ற இசை வகை. அதைத் தொடங்கிவைத்த ஃபியூச்சர் குழுவின் தட்டு 1987இல் வந்தது. ஆனால் 1982இலேயே மும்பையில் சரண்ஜித் சிங் அதே பெட்டியில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துத் தட்டு போட்டிருந்தார். இந்தி சினிமா இசைக்குழுக்களில் வாசித்த மனிதர். அன்றைக்கு அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

குளச்சல் அலை:
அண்ணே, நீங்கள் சொல்வது என் பக்கம்தானே? விலைபோகாத பெட்டியிலிருந்துதான் நல்லது பிறந்திருக்கிறது.

தக்கலை மைக்செட்:
சரண்ஜித் சிங் சினிமாவில் வாசித்துச் சோறு தின்றவர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். நக்கிள்ஸும் பின்னாளில் பெரிய நட்சத்திரங்களின் பாட்டுக்கு ரீமிக்ஸ் செய்தார், அதற்காக 1998இல் கிராமி விருதும் வாங்கினார். அவரையும் விலைபோனவர் என்பீர்களா?

ஒழுகினசேரிக்காரன்:
நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. என் தெருப்பக்கம் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், கோயில் கொடையில் சுடலைமாடன் கதை பாடிய வில்லுப்பாட்டு வில்லை எடுத்துக் காந்தி கதை பாடினார். அதனால் கோயிலில் வில்லு நின்றுபோனதா? இன்றைக்கும் கொடைக்கு வில்லடிக்கிறார்கள், சாமி வருகிறது. பெரிய மேடைக்குப் போனது மூலத்தைக் கொல்லவில்லை.

திருவட்டார் தோழி:
அண்ணாச்சி, அந்த உதாரணத்தை ஒப்புக்கொள்ள முடியவில்லை. கலைவாணர் கதையை மாற்றினார், வில்லை வைத்துக்கொண்டார். குடம் இருந்தது, உடுக்கை இருந்தது, வீசுகோல் இருந்தது. இவர் நண்பர் வில்லைக் கீழே வைத்துவிட்டு மணியை மட்டும் ஆட்டியிருக்கிறார்.

ஆனால் குளச்சல் தம்பி, உங்கள் கோபமும் சரியில்லை. ஸ்வீடன் நாட்டு டிஜே அவிச்சியை நினைத்துப் பாருங்கள். 2013இல் மயாமி அல்ட்ரா விழாவில் பாஞ்சோ, கிட்டார் வாசிக்கிறவர்களை மேடையேற்றிப் புதுப் பாட்டு வாசித்தார். டிராப்புக்குக் காத்திருந்த கூட்டம் முகம் சுளித்தது, இணையத்தில் திட்டினார்கள். சில மாதத்தில் அதில் ஒரு பாட்டு உலகம் முழுக்க ஒலித்தது, உடனே வேறு ஆட்கள் வந்து விலைபோய்விட்டான் என்றார்கள். கூட்டம் கேட்டதைக் கொடுக்காததற்கும் ஏச்சு, கொடுத்தது பிடித்துப்போனதற்கும் ஏச்சு. 2016இல் மேடைகளை விட்டே விலகினார். 2018இல் மஸ்கட்டில் இறந்தபோது வயது 28. ஒரு ஆளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லும் முன் கொஞ்சம் நிதானிக்கலாம்.

மார்த்தாண்டம் மாடி அறை:
நீங்கள் எல்லாம் பேசுவது என்னைப் பற்றித்தான். லிங்க் அனுப்பினார்கள், முழுவதும் படித்தேன்.

ஸ்னேர் உருட்டல் பற்றிச் சொன்னது உண்மை, மக்கா. அதைப் போடும்போது எனக்கே கூசியது. இரண்டாவது மணி நேரத்தில் கை தானாகப் போட ஆரம்பித்துவிட்டது, அதுதான் பயமாக இருந்தது. சம்பளம் வாங்கியதில் வெட்கம் இல்லை. சின்தசைசர் வாங்கிய கடனில் இன்னும் நாலு தவணை இருக்கிறது.

கடைசிப் பத்து நிமிஷம் என்னுடையதைப் போட்டேன். பாட்டு இல்லை, நிமிஷத்துக்கு 128 அடி வேகத்தில் கிக், அதன்மேல் போன வருஷம் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த சிங்காரி மேளம், செண்டையின் ஓரத்தில் விழும் அடிகள் மட்டும். பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். நிறைய பேர் டீக்கடைப் பக்கம் போனார்கள். சாயங்காலம் பவனியில் மேளம் வாசித்த பையன்கள் நாலு பேர் குருசடிப் படியில் பரோட்டாப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் சாப்பிட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தொடையில் தட்ட ஆரம்பித்தான். நான் வைத்திருந்த அடிக்கு இடையில், நான் யோசிக்கவே யோசிக்காத இடத்தில் தட்டினான். முடிந்ததும் வந்து, "அண்ணே, இது எங்க சாதனமாச்சே, எங்க கிடைச்சுது?" என்று கேட்டான். நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன்.

வடசேரி 303:
அந்தப் பையனுடைய பெயரையும் தட்டில் போடு, தம்பி. நான் கத்தியது அதற்காகத்தான்.

மார்த்தாண்டம் மாடி அறை:
கண்டிப்பாக, அண்ணே. பதிவு செய்த மேளக்காரர்கள் எல்லார் பெயரும் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

குளச்சல் அலை:
கடைசிப் பத்து நிமிஷத்தை நான் கேட்கவில்லை லே. கோபத்தில் அதற்கு முன்னாலேயே வண்டியை எடுத்துவிட்டேன். அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றிச் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன், அது உன் இசை இல்லை. ஆனால் இந்தப் பத்து நிமிஷத்தைப் பதிவு செய்தாயா? ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வருகிறேன், பெரிய ஸ்பீக்கரில் போடு.