இளையோர் மிகுபுனைவு நாவல்களுக்கு மதிப்புரை எழுதப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி?

தக்கலை தமிழாசிரியை:

அனைவருக்கும் வணக்கம். தக்கலைக்கு அருகிலுள்ள ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் சிலரைச் சேர்த்துச் சனிக்கிழமைகளில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். பாடப்புத்தகத்துக்கு வெளியே எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று விட்டபோது, பெரும்பாலோர் கொண்டுவந்தவை மந்திரப் பள்ளி, டிராகன், புதையல் தீவு, காணாமற்போன அரசகுமாரி என்று செல்லும் மிகுபுனைவு (ஃபேன்டஸி), சாகச நாவல்களே. சில நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்திலிருந்து எடுத்தவை. சில வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர்கள் வாங்கிக்கொடுத்தவை. வாசிப்பது ஆங்கிலத்தில் என்றாலும் எழுதுவது தமிழில் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. இந்த மதிப்புரைகளைத் தொகுத்து ஒரு கையெழுத்துப் பத்திரிகையாக்கும் எண்ணமும் உண்டு.

சிக்கல் எழுத்தில்தான் இருக்கிறது. ‘இந்நாவலில் ஒரு சிறுவன் வருகிறான், அவனுக்கு ஒரு கடிதம் வருகிறது, பிறகு அவன் ஒரு பள்ளியில் சேருகிறான், பிறகு ஒரு அரக்கன் வருகிறான்’ என்று ‘பிறகு பிறகு’ என்றே இரண்டு பக்கத்துக்குக் கதையைச் சொல்லிவிட்டு, கடைசி வரியில் ‘மிகவும் அருமையான நாவல், அனைவரும் வாசித்துப் பயன்பெற வேண்டும்’ என்று முடித்துவிடுகிறார்கள். யதார்த்த நாவல் என்றால் ‘வாழ்க்கையில் இப்படி நடக்குமா?’ என்று கேட்டு அவர்களைச் சிந்திக்க வைத்துவிடுவேன். நடக்கவே முடியாதவற்றைச் சொல்லும் நாவலில் எதை வைத்து நல்லது, தேறாதது என்று பிரிப்பது? கதையில் எவ்வளவு தூரம் வெளிப்படுத்தலாம்? நட்சத்திரம் கொடுக்கும் வழக்கத்தை அனுமதிக்கலாமா? இவ்வகை நாவல்களைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பார்வதிபுரம் பழைய வாசகர்:

டீச்சர், நான் முத்து காமிக்ஸ் காலத்துப் பிள்ளை. 1972இல் இரும்புக்கை மாயாவி என்னும் சித்திரக்கதை நாயகனோடுதான் அந்த வெளியீடு தொடங்கியது. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறையும். இரும்புக் கை மட்டும் மறையாது. சற்று நேரம் கழிந்தால் உருவம் திரும்பிவிடும். நடக்க முடியாத கதைதான், ஆனாலும் இந்த விதிகள் முன்கூட்டியே நமக்குத் தெரிந்திருந்ததால், அந்தரத்தில் மிதக்கும் கையை எவனாவது பார்த்துவிடுவானோ, காவலர்கள் நடுவில் உருவம் திரும்பிவிடுமோ என்று பக்கத்துக்குப் பக்கம் நெஞ்சு அடித்துக்கொண்டது. மாயாவி விரும்பும்போதெல்லாம் முழுதாக மறையலாம் என்றிருந்தால் நான்காம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடியிருப்போம்.

ஆகவே மதிப்புரை எழுதும் பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது, ‘இந்த உலகத்தில் மந்திரத்தால் முடியாதது எது?’ என்பதைத்தான். அடுத்து, ‘மந்திரம் செய்தவன் அதற்கு என்ன விலை கொடுத்தான்?’ என்று கேட்பேன். இது வெளிநாட்டு நாவல்களுக்கு மட்டும் உரிய அளவுகோல் என்று நினைத்துவிட வேண்டாம். நம் பக்கத்துக் கொடைவிழாக்களில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும், நீலி என்னும் பேயின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மனைவி உருவில் அவள் வணிகனைப் பின்தொடர்கிறாள். ஆனால் அவன் கையில் காவல் பொருள் இருக்கும்வரை அவளால் அவனைத் தொட முடியாது. அந்தப் பொருள் கதையின் சில வடிவங்களில் வாளாகவும் சில வடிவங்களில் வேப்பிலையாகவும் வருகிறது. வழக்குக் கேட்கும் ஊர்ப் பெரியவர்கள் அவளுடைய கண்ணீரை நம்பி அதை அவன் கையிலிருந்து விலக்கச் செய்கிறார்களே, கதையின் பயங்கரம் முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. பேயின் வல்லமைக்கு ஓர் எல்லை வகுத்து, அந்த எல்லையை நல்லெண்ணம் கொண்ட மனிதர்களைக் கொண்டே அழிக்க வைத்த அந்தப் பெயர் தெரியாத புலவன் இன்றிருந்தால் நல்ல மிகுபுனைவு நாவலாசிரியனாக இருந்திருப்பான்.

விலை என்பதற்கு உர்சுலா கே. லெ குவின் 1968இல் வெளியிட்ட ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ நாவலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். ஆடு மேய்க்கும் சிறுவன் கெட், தாயின் சகோதரி சொல்லக் கேட்ட ஒரு பாட்டை விளையாட்டாகச் சொல்ல, ஆடுகள் அவனை நெருக்கிச் சூழ்ந்துகொண்டு விலக மறுக்கின்றன. சிரிப்பாகத் தொடங்கும் அந்தக் காட்சியிலேயே நாவலின் மையச் சிக்கல் வந்துவிடுகிறது: அவனுக்கு அழைக்கத் தெரியும், திருப்பி அனுப்பத் தெரியாது. பத்து அத்தியாயங்களில் நான்காவதில், சக மாணவன் ஒருவன் முன் வீம்புக்காக அவன் செய்யும் மந்திரம் ஒரு நிழலை வெளியே விட்டுவிடுகிறது. அந்தத் திறப்பை அடைக்கப்போய்த் தலைமை மந்திரவாதி உயிரிழக்கிறார். கெட் முகத்தில் வடுவோடு மாதக்கணக்கில் படுத்துக்கிடக்கிறான். ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் வேறோரிடத்தில் வறட்சி வரலாம் என்று அங்குள்ள ஆசிரியர்கள் எச்சரிப்பதும், பெரிய மந்திரவாதிகள் மழையில் பேசாமல் நனைந்துகொண்டு போவதும் அந்த உலகத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று காட்டுகின்றன. இவ்வளவு எழுதினாலும் நான் முடிவைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

குளச்சல் கடற்கரையான்:

மேலே ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். சாகச நாவலுக்கு மட்டும் ஒன்றைச் சேர்க்கிறேன்: தூரமும் காற்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கடற்கரையில் பிறந்தவனுக்குப் பல கடல் சாகச நாவல்கள் பத்துப் பக்கத்திலேயே கசந்துவிடும். ஏனென்றால் அவற்றில் கப்பல், வடசேரியிலிருந்து புறப்படும் பேருந்தைப் போல நினைத்த நேரத்தில் கிளம்பி நினைத்த நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கச்சான் காற்று எப்போது அடிக்கும், வாடைக்காற்று எப்போது எடுக்கும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் கதாசிரியருக்குப் பொருட்டே இல்லை. எங்கள் ஊரின் மூத்த மீனவர்கள் கரையிலுள்ள மலைமுகட்டையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேரில் கொண்டுவந்து, கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத்திட்டான பார் எங்கிருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். அந்த அளவுக்கு இடத்தை அறிந்த கதாபாத்திரம் ஒன்றாவது இருந்தால், அந்தக் கடல் கற்பனைக் கடலாகவே இருந்தாலும் நான் நம்பிவிடுவேன்.

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் இதை நன்றாக உணர்ந்தவர். 1881ஆம் ஆண்டுக் கோடையில் ஸ்காட்லாந்தின் பிரேமார் என்ற ஊரில், மனைவியின் மகனான சிறுவனோடு பொழுதுபோக்காக வரைந்து வண்ணம் தீட்டிய ஒரு தீவின் வரைபடத்திலிருந்துதான் ‘ட்ரெஷர் ஐலண்ட்’ பிறந்தது. சிறுவர் இதழொன்றில் தொடராக வந்து 1883இல் நூலாக்கம் பெறும்போது, பதிப்பகத்துக்கு அனுப்பிய அந்த வரைபடம் தொலைந்துபோயிற்று. முதலில் படம் வரைந்து அதற்கேற்பக் கதை எழுதியவர், இப்போது தன் கதையையே வரிவரியாகப் புரட்டி, குன்று எங்கே, நங்கூரமிட்ட இடம் எங்கே என்று குறித்தெடுத்து, அளவுக்கருவியைக் கையில் வைத்துக்கொண்டு படத்தை மீண்டும் வரைய வேண்டியதாயிற்று. இதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

உங்கள் பிள்ளைகளுக்கு இதையே பயிற்சியாகக் கொடுக்கலாம். முன்பக்கத்தில் அச்சிட்ட வரைபடத்தைப் பார்க்காமல், நாவலில் சொல்லப்பட்டதை மட்டும் வைத்து அந்த நாட்டை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். வரைய முடியாமல் திணறினால் அது ஏன் என்று எழுதட்டும். அந்தப் பத்தி ‘பிறகு பிறகு’ என்று போகாது.

மார்த்தாண்டம் மாணவி (பதினொன்றாம் வகுப்பு):

டீச்சருக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். நான் வேறு பள்ளியில் படிக்கிறேன். இவ்வகை நாவல்களைத்தான் அதிகம் வாசிக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

பார்வதிபுரம் ஐயா சொல்லும் விதி எல்லா நாவலுக்கும் பொருந்தாது என்று எனக்குத் தோன்றுகிறது. சி. எஸ். லூயிஸ் 1950இல் வெளியிட்ட நார்னியா நாவலில் ஒரு சிறுமி மர அலமாரிக்குள் நுழைந்து, தொங்கும் உரோம மேலங்கிகளை விலக்கிக்கொண்டு போனால் பனி பெய்யும் காடு வருகிறது; காட்டின் நடுவே தனியாக ஒரு தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அது அங்கே எப்படி வந்தது என்று அந்த நூல் சொல்வதில்லை. 1955இல் வந்த வேறொரு பாகத்தில்தான் காரணம் கிடைக்கிறது. காரணம் தெரிவதற்கு முன்பு அந்த விளக்கு எனக்கு அதிகமாகப் பிடித்திருந்தது. விதியை விளக்காமல் விடுவதும் ஆசிரியரின் திறமையாக இருக்கலாம். மதிப்புரையில் அதையும் கவனிக்க வேண்டும்.

பெரியவர்கள் எழுதும் மதிப்புரைகளில் எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘இந்நூல் குழந்தைகளுக்கு நட்பின் பெருமையைக் கற்பிக்கிறது’ என்று எழுதிவிட்டால் நூலைப் பற்றி எழுதிவிட்டதாக அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் நட்பின் பெருமையைக் கற்றுக்கொள்ள டிராகன் கதை வாசிப்பதில்லை. நான் ஒரு நாவலைத் தொடங்கியதும் பார்ப்பது, அதிலுள்ள அப்பா அம்மாவை ஆசிரியர் என்ன செய்தார் என்பதைத்தான். பெற்றோர் பக்கத்தில் இருந்தால் பதினான்கு வயதுப் பெண் தனியாக மலையேறிப் போக முடியாது. ஆகவே எல்லா ஆசிரியர்களும் அவர்களை எப்படியாவது அப்புறப்படுத்த வேண்டியிருக்கிறது. சிலர் முதல் பக்கத்திலேயே விபத்தில் கொன்றுவிட்டு, அதன் பிறகு அந்தப் பிள்ளை அவர்களை ஒருமுறைகூட நினைத்துப் பார்க்காதபடி எழுதுகிறார்கள். இது சோம்பேறித்தனம். நார்னியாவில் போர்க்காலத்தில் லண்டனில் குண்டு விழுவதால் நான்கு பிள்ளைகளையும் கிராமத்துப் பேராசிரியர் ஒருவரின் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். உண்மையில் அந்நாட்களில் அப்படித்தான் அனுப்பினார்கள். கடற்கரை அண்ணன் சொன்ன புதையல் தீவுக் கதையில் ஜிம் என்னும் சிறுவனைச் சுற்றி மருத்துவர், கப்பல் தலைவர் என்று பெரியவர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் அவன் அவர்களிடம் கேட்காமல் நழுவிப் போய்ச் செய்யும் காரியங்களால்தான் கதையே திரும்புகிறது. முடிவெடுப்பது அந்தப் பிள்ளைதானா, அல்லது தாடி வைத்த ஒரு முதியவர் வந்து ‘நீதான் தேர்ந்தெடுக்கப்பட்டவன்’ என்று சொன்னதால் நடக்கிறதா என்று கேட்டால் எங்களுக்கு எழுத நிறைய இருக்கும்.

நாங்கள் எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்தோம் என்பதையும் எழுத விடுங்கள் டீச்சர். முடிக்காத புத்தகத்துக்கு மதிப்புரை எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டால் எல்லாரும் முடித்ததாகப் பொய்தான் சொல்வார்கள்.

பார்வதிபுரம் பழைய வாசகர்:

விளக்குத்தூண் சரியான எடுத்துக்காட்டு, மகளே. ஆனால் அது யாருடைய ஆபத்தையும் தீர்ப்பதில்லை. புதிராக மட்டும் இருப்பதற்கு விதி தேவையில்லை. நாயகனைக் காப்பாற்றப்போகும் மந்திரத்துக்குத் தேவை. கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஒரு மந்திரக்கல் முளைத்து எல்லாரையும் பிழைக்க வைக்கும்போது எனக்கு வருகிற எரிச்சல் உனக்கும் வரும் என்றே நினைக்கிறேன்.

சுசீந்திரம் நூலகப் பணியாளர்:

கதையை எவ்வளவு சொல்லலாம் என்ற கேள்வி விடுபட்டுவிட்டது. வில்லுப்பாட்டு கேட்க உட்காருகிற எவருக்கும் முடிவு தெரியும். தெரிந்தும் விடியவிடிய உட்கார்ந்திருக்கிறோம். ஆகவே முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்பதை முழுமையாக ஏற்க முடியவில்லை. ஆயினும் ஓர் இளையவர் முதன்முறை வாசிக்கும் உரிமையை அவருடைய வகுப்புத் தோழர் பறிக்கக்கூடாது. நடைமுறையில் நான் சொல்வது இதுதான்: புத்தகத்தின் முதல் கால் பங்கில் நடப்பதைத் தாராளமாகச் சொல்லலாம், அதற்கு மேல் நடப்பதைச் சொல்லாமல் அதன் தன்மையை மட்டும் சொல்ல வேண்டும். ‘நடுப்பகுதியில் வரும் துரோகத்தை நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் திருப்பிப் பார்த்தபோது அதற்கான தடயங்கள் இருந்தன’ என்று எழுதினால் துரோகி யார் என்பது தெரியாது, ஆசிரியரின் திறமை தெரியும். முடிவைப் பேசியே ஆகவேண்டும் என்றால் தனித்தாளில் எழுதி மடித்து ஒட்டிவிடலாம். கையெழுத்துப் பத்திரிகையில் அந்த வசதி உண்டே!

தொடர் நாவல்களுக்கு இன்னொன்றும் தேவை. இது எத்தனையாவது பாகம், முந்தையதை வாசிக்காமல் இது புரியுமா, கதை இதிலேயே முடிகிறதா என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். மூன்றாம் பாகத்தை மட்டும் எடுத்துச் சென்றுவிட்டு மறுநாள் முகம் வாடித் திருப்பிக் கொண்டுவரும் பிள்ளைகளை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

தக்கலை தமிழாசிரியை:

அனைவருக்கும் நன்றி. வரும் சனிக்கிழமை கதைச்சுருக்கத்துக்கு ஐந்து வரி என்று எல்லை வைத்துவிட்டு, மந்திரத்தின் விலை, பெற்றோரை அப்புறப்படுத்திய விதம், தாளில் வரைந்த வரைபடம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து எழுதச் சொல்லப்போகிறேன். மூன்றையும் கொடுத்தால் வினாத்தாளுக்கு விடை எழுதுவதைப் போல எழுதிவிடுவார்கள். பாதியில் மூடிய புத்தகத்தைப் பற்றியும் எழுதலாம், ஏன் மூடினோம் என்பதற்கு ஒரு காட்சியையாவது சுட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நட்சத்திரத்தைப் பற்றித்தான் இன்னும் தெளிவில்லை.

மார்த்தாண்டம் மாணவி (பதினொன்றாம் வகுப்பு):

நட்சத்திரம் இருக்கட்டும் டீச்சர், நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆனால் எழுதியவரின் வகுப்பையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள். ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஐந்து நட்சத்திரம் கொடுத்த நாவலுக்கு நான் இரண்டுதான் கொடுப்பேன். அதற்காக அவன் கொடுத்தது தவறாகிவிடாது.