மழை பெய்தால் கடைசி இரண்டு டிரெயில் கேமராவிலிருந்தும் படம் வருவதில்லை

கேள்வி:
வணக்கம். நிலத்தில் ஆறு வயர்லெஸ் டிரெயில் கேமரா (விலங்கு வந்தால் தானாகப் படமெடுப்பவை) வைத்திருக்கிறேன். ஒன்றின் படத்தை அடுத்தது வாங்கிக் கடத்தி, வீட்டருகே இருக்கும் முதன்மைக் கேமராவில் சேர்க்கும் வகை, 900 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் அனுப்புவது. வெயில் நாளில் குறையில்லை. மழையில் இலையெல்லாம் நனைந்துவிட்டால் தோப்புக்கு அந்தப் பக்கம் உள்ள இரண்டிலிருந்தும் எதுவும் வருவதில்லை. மெமரி கார்டில் படம் இருக்கிறது. தோப்புக்குள் இருக்கும் நடுக் கேமராவின் பேட்டரியும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. கேமராக்களை மாற்ற வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம். கார்டில் படம் பதிவாகிறது என்றால் கேமராவில் கோளாறில்லை, கடத்துவதில்தான் சிக்கல். கடைசி இரண்டின் படங்களும் நடுக் கேமரா வழியாகத்தானே வருகின்றன? தன் படத்தோடு அவற்றையும் சுமப்பதால்தான் அதன் பேட்டரி தீர்கிறது. நனைந்த இலை ரேடியோ அலையை உறிஞ்சும். சிக்னல் தேய்ந்தால் அதே படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டிவரும். எந்த உயரத்தில் கட்டியிருக்கிறீர்கள்?

கேட்டவர்:
எல்லாமே முழங்கால் உயரம். பன்றி, முள்ளம்பன்றி எல்லாம் படத்தில் விழ வேண்டுமே.

பதில் 1:
படத்துக்கு அந்த உயரம் சரி, சிக்னலுக்கு ஆகாது. அலை நூல் பிடித்த மாதிரிப் போவதில்லை, வழியில் பருத்துத்தான் போகும். 500 மீட்டர் தூரத்துக்கு நடுவழியில் சுற்றிலும் ஏறக்குறைய 6 மீட்டர் இடம் கேட்கும். அதனால் கேமராக்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கடத்துவதற்கென்று தனியாக ஒரு ரிலேயை உயரமான கம்பத்தில் ஏற்றி, 12 வோல்ட் பேட்டரியும் சோலார் பேனலும் கொடுங்கள். இரு பக்க ஆன்டெனாவும் செங்குத்தாக நிற்க வேண்டும்.

பதில் 2:
கேமராவுக்கு முன்னால் இருக்கும் புல்லையும் வெட்டிவிடுங்கள். வெயிலில் சூடான புல் காற்றில் ஆடினாலே, சூடான பொருளின் அசைவை உணரும் சென்சார் விழித்துக்கொள்ளும். அப்படி விழும் வெற்றுப் படங்களும் நடுக் கேமரா தலையில்தான் விடியும். அப்புறம், ஆல்கலைன் பேட்டரி தீரத் தீர வோல்டேஜ் இறங்கிக்கொண்டே வரும், இரவு ஃபிளாஷுக்குத் திணறும். லித்தியம் போட்டால் கடைசிவரை தாங்கும்.

கேட்டவர்:
சரி, புல்லை வெட்டிவிடுகிறேன். சோலாருக்கு வெயில் படும் இடம் தோப்பின் ஓரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து முதன்மைக் கேமரா கண்ணுக்குத் தெரியாது. பரவாயில்லையா?

பதில் 1:
உடனே கம்பம் நட்டுவிடாதீர்கள். நீளமான மூங்கிலில் ரிலேயைக் கட்டித் தூக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் சிக்னல் அளவைப் பாருங்கள். மழை விட்டதும், இலை சொட்டிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். அப்போது கிடைத்தால் எப்போதும் கிடைக்கும்.