"படம் பிடித்திருக்கிறது, அளவு என்ன?"

ஓவியங்களை இணையத்தில் போட்டு நாங்கள் பட்ட பாட்டை ஆளுக்கொருவராக எழுதுகிறோம், நானே தொடங்குகிறேன். மூன்று வருடமாக, வாரம் இரண்டு படமாவது இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொண்டிருந்தேன். வாட்டர்கலர்தான் என் வேலை. ஃபாலோயர் எண்ணிக்கை ஏறினால் மனசும் ஏறும், இறங்கினால் அதுவும் இறங்கும். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒருநாள் குழுக் கண்காட்சி ஒன்றை ஒருங்கிணைப்பவரிடமிருந்து மெயில் வந்தது. மழையை வைத்து நான் வரைந்த தொடர் பிடித்திருக்கிறதாம், அதில் ஐந்து படம் வேண்டுமாம். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, வருடம், எதில் வரைந்தது, அளவு. கேட்டலாக்கில் அச்சிட 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கோப்பு. நான்கு நாள் அவகாசம்.

முதலில் துள்ளினேன், அப்புறம் தேட ஆரம்பித்தேன். ஐந்தில் மூன்று ஓவியம் கையிலேயே இல்லை. ஒன்று விற்றாயிற்று, இரண்டு நண்பர்களிடம். ஃபோனில் எடுத்த படங்கள் பழைய ஃபோனோடு போயின. இன்ஸ்டாவில் இருப்பதுதான் மிச்சம், அதுவும் 1080 பிக்சல் அகலம். 300 டிபிஐயில் அச்சடித்தால் 3.6 அங்குலம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அளவு? "கொஞ்சம் பெரிசு" என்றுதான் ஞாபகம். கிடைத்ததை அனுப்பினேன். பதில் வரவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

இப்போதெல்லாம் ஓவியம் காய்ந்ததும், கண்ணாடிக்குள் போகும் முன்பே படம் எடுத்துவிடுகிறேன். வெயில் நேராக விழாத ஜன்னலோரம், தாளைச் சுவரில் ஒட்டி, கேமராவை அதற்கு நேராக வைத்து. கிட்டே போய் எடுத்தால் ஓரங்கள் வளைகின்றன. இரண்டடி தள்ளி நின்றால் சரியாக வருகிறது. வெள்ளைத் தாளைக் கேமரா சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, கொஞ்சம் ஏற்ற வேண்டும். நீளப் பக்கம் 3000 பிக்சலுக்குக் குறையாமல் ஒரு மூலக் கோப்பு (அது 10 அங்குலத்துக்குத் தாங்கும்), வலையேற்றுவதற்கு எஸ்ஆர்ஜிபியில் (இணையத்தில் வழக்கமான நிற முறை) சின்ன நகல் ஒன்று. இந்த எஸ்ஆர்ஜிபியால் நான் பட்ட பாடு தனி. அடோபி ஆர்ஜிபி என்ற வேறொரு நிற முறையில் சேமித்து, எந்த முறை என்று சொல்லும் ப்ரொஃபைலைச் சேர்க்காமல் ஏற்றி, என் சிவப்பெல்லாம் பத்துமுறை துவைத்த சேலை மாதிரி வெளிறிக் கிடந்தது. ஆறு மாதம் அது எனக்குத் தெரியவே இல்லை!

*

அக்கா, நீங்க அளவு தெரியாம மாட்டுனீங்க. நான் அளவு கேட்டுத் தப்பிச்சேன்.

டிஜிட்டல்ல வரைஞ்சு பிரிண்ட் போட்டு விக்கிறவன் நான். ஒருத்தர் மெயில் அனுப்புனார். மனைவிக்குக் கல்யாண நாள் பரிசாம், அவங்க என் பக்கத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்களாம். எந்தப் படம்னு மட்டும் சொல்லலை. சும்மா விலையை ரெண்டு மடங்கா சொல்லிப் பார்த்தேன், உடனே சரின்னுட்டார். அங்கயே எனக்கு இடிச்சுது. அடுத்த மெயில்ல, வீடு மாறுறோம், செக் அனுப்புறேன், சாமான் ஏத்துறவருக்கும் சேர்த்துக் கூடுதலா போட்டிருக்கேன், மிச்சத்தை நீங்களே அவருக்கு அனுப்பிடுங்கன்னார். "எந்த சைஸ் வேணும், 8-க்கு 10-ஆ, 16-க்கு 20-ஆ?"ன்னு கேட்டேன். பதில்ல திரும்பவும் என் பேங்க் பேரைத்தான் கேட்டார். சுவத்துல மாட்டப் போறவன் அளவைக் கேட்காம இருப்பானா?

செக் போட்டதும் கணக்குல பணம் வந்த மாதிரிதான் காட்டும். பல நாள் கழிச்சு போலின்னு திரும்பும். அதுக்குள்ள நாம அனுப்பின "மிச்சம்" போனது போனதுதான். இப்போ இதே மாதிரி ஆளுங்க என்எஃப்டி (டிஜிட்டல் படத்துக்கான உரிமைப் பதிவு) வேஷத்துல வர்றாங்க. படத்தை வாங்கிக்கிறேன், இந்தத் தளத்துல மின்ட் பண்ணு, அதாவது என்எஃப்டியா பதிவு பண்ணுன்னு சொல்வாங்க. முன்பணமா கட்டுற அந்த ஃபீஸ்தான் அவங்க வசூல்.

*

பெயர் பற்றி யாரும் பேசவில்லையே. நான் லினோகட் செய்கிறேன், லினோலியத் தகட்டில் செதுக்கி அச்செடுக்கும் வேலை. இன்ஸ்டாவில் புனைபெயர், பிஹான்ஸ் என்ற படைப்புத் தளத்தில் முழுப்பெயர், பிரிண்ட்டின் கீழே பென்சிலில் வெறும் இனிஷியல். 3/20 (இருபது பிரதிகளில் மூன்றாவது) வாங்கியவர் அதே தொடரில் இன்னொன்று வாங்க என்னைத் தேடியிருக்கிறார். கிடைத்தது என் இனிஷியலே உள்ள வேறொருவர். பாவம், அவர் மட்பாண்டம் செய்பவர். "நான் அவனில்லை" என்று நேர்மையாகப் பதில் போட்டிருக்கிறார்.

இன்னொரு கூத்து. சொந்த டொமைன் (இணைய முகவரி) வாங்கினேன், ஆனால் நான் திறப்பதையே நிறுத்திவிட்ட மெயில் முகவரியில். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் அங்கேயே தூங்கின. டாட் காம் முகவரி காலாவதியான அன்றே பறிபோகாது. நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்கலாம், தண்டம் அழ வேண்டும். அந்த 30 நாளும் முடிந்த பிறகுதான் எனக்கு இது தெரியவந்தது. இப்போது அங்கே சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. என் விசிட்டிங் கார்டு இருநூறு பேரிடம் இருக்கிறது.

அதற்காகச் சொந்தப் பக்கமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மைஸ்பேஸ் என்ற பழைய சமூகத் தளத்தில் 2016-க்கு முன் ஏற்றியவர்களின் படங்களும் பாட்டுகளும் சர்வர் மாற்றத்தில் தொலைந்தன என்று 2019-இல் செய்தி வந்தது. கூகுளின் சமூகத் தளமான கூகுள் பிளஸும் அதே வருடம்தான் மூடப்பட்டது. என் கவனக்குறைவால் போனால் என்னையாவது திட்டிக்கொள்ளலாம்.

*

எனக்குக் கொஞ்சம் வேறு அனுபவம். வேலை வந்ததெல்லாம் ரீல்ஸ் வழியாகத்தான், அதை மட்டம்தட்ட மனம் வரவில்லை. ஆனால் ஒன்று: பார்த்தவர்களில் பெரும்பாலானோர் கேட்டது "என்ன பிரஷ்?" வேலை கொடுத்தவர்கள் கேட்டது "எத்தனை நாளில் முடியும், எத்தனை முறை திருத்தித் தருவீர்கள்?" இப்போது அந்த இரண்டையும் பயோவிலேயே எழுதிவிட்டேன். பிரஷ் பெயர் கேட்பவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

*

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய மெயில்களைப் புரட்டினேன். போன வருடம் எனக்கும் ஒரு கல்யாண நாள் பரிசுக்காரர் எழுதியிருக்கிறார், நானும் உருகி உருகி நன்றி சொல்லியிருக்கிறேன். நான் பதில் போட ஒரு மாதம் ஆனதால் ஆள் போய்விட்டார் போல. சோம்பேறித்தனம் எனக்குச் செய்த ஒரே நல்லது.

நேற்று நண்பர் வீட்டுக்குப் போய் மழைத் தொடரில் ஒன்றை அளந்தேன். 28-க்கு 38 செ.மீ., முழு வாட்டர்கலர் தாளில் நாலில் ஒன்றான கால் ஷீட்டேதான். ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருக்கிறார், கீழோரச் சிவப்பு மங்கத் தொடங்கியிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிப் படம் எடுக்க முதலில் தயங்கினார், அப்புறம் சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறேன்.