மறு: முன்னுரிமை – ஒரே சொல் எல்லாத் துறைக்கும் ஆகுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

நம் கலைச்சொல் பட்டியலில் ஆங்கிலப் ‘பிரயாரிட்டி’க்கு எல்லா இடத்திலும் ‘முன்னுரிமை’யே போதுமா என்ற இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன். நேற்று வந்த மடலுக்குப் பிறகு முடியவில்லை.

> முன்னுரிமை எல்லோருக்கும் தெரிந்த சொல். அரசாணையில் இருக்கிறது, செய்தித்தாளில் இருக்கிறது. பிரயாரிட்டி வரும் இடமெல்லாம் அதையே போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவோம்.

போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வாக்கியம் தருகிறேன். 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் 53ஆம் பிரிவு, நொடித்துப்போன நிறுவனத்தை விற்று வந்த பணத்தை யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்று படி படியாக அடுக்குகிறது. முதல் படி நடைமுறைச் செலவு. இரண்டாவதில் தொழிலாளர்களின் 24 மாத நிலுவையும், பிணையத்தை விட்டுக்கொடுத்த கடன் கொடுத்தவர்களும் சமமாக நிற்கிறார்கள். இப்படியே இறங்கினால் எட்டாவதாக, கடைசிப் படியில் சாதாரணப் பங்குதாரர்கள். அவர்களுக்கு ஒரு படி மேலே இருப்பவர்களைத்தான் நம் வணிகவியல் பாடநூல்கள் ‘முன்னுரிமைப் பங்குதாரர்’ என்கின்றன. ஆக வாக்கியம் இப்படி வரும்: ‘முன்னுரிமை வரிசையில் முன்னுரிமைப் பங்குதாரர்களுக்கு ஏழாம் இடம்.’ எழுதியவருக்குப் புத்தி சரியில்லை என்றுதான் மாணவர் நினைப்பார். ஆங்கிலத்தில் முதலில் வருவது பிரயாரிட்டி, அடுத்தது பிரிஃபரன்ஸ். நாம் இரண்டையும் ஒரே சட்டிக்குள் கொட்டிவிட்டோம். பெருக்கலை முதலில் செய், கூட்டலைப் பிறகு செய் என்னும் கணக்கு விதியை ஆங்கிலத்தில் பிரிசிடென்ஸ் என்கிறார்கள். நம் பட்டியலில் அதற்கு நேரேயும் முன்னுரிமைதான் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் பிரயாரிட்டி என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே இரண்டு பொருள் ஒளிந்திருப்பதுதான் இதைவிடப் பெரிய தொல்லை. முன்பே வந்தது என்பது ஒன்று. பின்னால் வந்தாலும் முன்னே போகலாம் என்பது இன்னொன்று. இரண்டும் எதிரெதிர்!

இதைப் பிரித்துச் சொல்ல நம் ஊரில் சொல் இல்லையா என்றால், இருக்கிறது. பள்ளி முடித்ததும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பித்தவர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருப்பீர்கள். நானும் ஒருவன். அங்கே யாரும் குழம்புவதில்லை. யார் முதலில் பதிந்தார் என்பது ‘பதிவு மூப்பு’. முன்னாள் படைவீரர், ஆதரவற்ற விதவை போன்றோரை அந்த மூப்பைத் தாண்டி முன்னே அழைப்பது ‘முன்னுரிமை’. எந்தக் கலைச்சொல் குழுவும் கூடி உட்காராமல், அரசு அலுவலகத்து மேசையில் அழகாகப் பிரிந்து நிற்கும் இரண்டு சொற்கள்.

> உயிரியல் பெயரிடலில் ‘பிரின்சிபிள் ஆஃப் பிரயாரிட்டி’க்கு என்ன போடுவது? ‘முன்னுரிமைக் கோட்பாடு’ என்றால் ஏதோ சலுகை மாதிரி ஒலிக்கிறது.

பேராசிரியர் ஐயா கேட்டது சரியான கேள்வி. அங்கே சலுகைக்கு இடமே இல்லை. ஒரே உயிருக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்துவிட்டால், விதிப்படி முதலில் வெளியான பெயர் நிற்கும். அந்த ‘முதல்’ எங்கே தொடங்குகிறது என்பதற்கும் நாள் குறித்திருக்கிறார்கள்: விலங்குகளுக்கு 1758 ஜனவரி 1, பெரும்பாலான தாவரங்களுக்கு 1753 மே 1. இரண்டுமே ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயசின் நூல்களை ஒட்டிய நாட்கள். மார்ஷ் என்ற அமெரிக்கர் 1877இல் ஒரு டைனோசருக்கு அப்பட்டோசாரஸ் என்று பெயர் வைத்தார். 1879இல் இன்னொன்றுக்கு பிரான்டோசாரஸ் என்று வைத்தார். இரண்டும் ஒரே பேரினம் என்று 1903இல் ரிக்ஸ் என்ற தொல்லுயிரியலாளர் சொன்னார். உலகமே வாயில் வைத்திருந்த பிரான்டோசாரஸ் விழுந்தது, யாருக்கும் தெரியாத அப்பட்டோசாரஸ் நின்றது. (2015இல் வந்த ஓர் ஆய்வு இரண்டும் வேறு என்று சொல்லி, விழுந்ததைத் தூக்கி நிறுத்தியது தனிக்கதை.)

இதற்கு என் பரிந்துரை ‘மூப்பு விதி’. சும்மா ஒலிக்காகச் சொல்லவில்லை. விலங்கியலார் முந்தைய பெயரை சீனியர் சினானிம் என்றும் பிந்தையதை ஜூனியர் சினானிம் என்றும்தான் சொல்கிறார்கள். மூத்த பெயர், இளைய பெயர், மூப்பு விதி என்று மூன்றும் ஒரே வேரில் வந்து விழுகின்றன.

மூப்பை மீற வேண்டிய நேரமும் உண்டு. அக்கேசியா வழக்கு நமக்கு நெருக்கமானது. அந்தப் பேரினத்துக்கு ஆதார வகையாக (பேரினத்தை உடைத்தால் பெயர் எந்தப் பக்கம் போகும் என்று தீர்மானிக்கும் இனமாக) இருந்தது நம் கருவேலம். (நாட்டுக் கருவேலத்தைச் சொல்கிறேன், சீமைக் கருவேலம் வேறு பேரினம்.) பேரினத்தை உடைக்க வேண்டி வந்தபோது, ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஏறத்தாழ ஆயிரம் இனங்களின் பெயரையும் மாற்றுவதா என்று கேட்டு, 2005 வியன்னா மாநாட்டில் ஆதார வகையையே ஆஸ்திரேலிய இனத்துக்கு மாற்றினார்கள். 2011 மெல்பர்னில் அதை உறுதியும் செய்தார்கள். கருவேலம் வச்செல்லியா ஆயிற்று. மூத்தவன் வீட்டை விட்டு வெளியேறினான், பெயர்ப்பலகை தம்பிக்குப் போயிற்று. இப்படி மூப்பை மீறிக் காப்பாற்றப்படும் பெயரைக் ‘காப்புப் பெயர்’ எனலாம்.

> அப்படியானால் காப்புரிமையில் வரும் பிரயாரிட்டி டேட்டையும் ‘மூப்பு நாள்’ ஆக்கிவிடலாமா?

வேண்டாம். அங்கே முன்னுரிமையே இருக்கட்டும். 1883ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை தருவது உண்மையாகவே ஓர் உரிமை. ஒரு நாட்டில் விண்ணப்பித்துவிட்டு 12 மாதத்துக்குள் (வணிகக் குறிக்கும் வடிவமைப்புக்கும் 6 மாதம்) இன்னொரு உறுப்பு நாட்டில் விண்ணப்பித்தால், முதல் நாளையே உன் நாளாக எடுத்துக்கொள்வார்கள். இடையில் வேறொருவர் வந்து விண்ணப்பித்திருந்தாலும் உன் இடம் போகாது. இந்தியா இதில் 1998இல் சேர்ந்தது. பேருந்து சன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டு, சுற்றிவந்து ஏறி உட்காருவோமே, அதேதான். துண்டு போட்டவர் கோரினால்தான் இடம், கோராவிட்டால் இல்லை. கோர வேண்டியது எதுவோ அது உரிமை.

கணினிக்கு வருகிறேன். சண்டை அங்கேதான்.

> ‘முந்துநிலை’ என்றால் ‘முந்தைய நிலை’ என்று படிக்கமாட்டார்களா? பிரீவியஸ் ஸ்டேட் வேறு இருக்கிறதே.

படிப்பார்கள் தம்பி. கணினிப் பணிகளில் எது முதலில் ஓடும் என்று சொல்லும் பிரயாரிட்டிக்குப் போன வாரம் அதை முன்மொழிந்தவன் நான்தான், திரும்பப் பெறுகிறேன். ஆனால் முன்னுரிமைக்குத் திரும்ப மனமில்லை. இயங்குதளத்தில் ஓடும் ஒரு பணிக்கு என்ன உரிமை இருக்கிறது? அதற்கு இருப்பது ஓர் எண். அந்த எண்ணிலும் ஒழுங்கு கிடையாது. யுனிக்ஸ் இயங்குதளத்தில் அந்த எண்ணுக்கு ‘நைஸ்’ மதிப்பு என்று பெயர்; அது −20 முதல் 19 வரை போகும், அதில் சிறியதே முந்தும். லினக்சின் நிகழ்நேரப் பணிகளுக்கு 1 முதல் 99, அதில் பெரியதே முந்தும். ‘உயர் முன்னுரிமை’ என்று மொழிபெயர்த்து வைத்தால் எந்த எண் உயர்வு என்று ஒவ்வொரு முறையும் அடிக்குறிப்பு போட வேண்டும்.

‘முந்துமை’ என்று வைத்துப் பார்ப்போமா? ‘முந்தி வந்தவர்’ என்னும்போது முந்தி காலத்தைத்தான் காட்டுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வினையாக வரும்போது, ‘வளைவில் முந்தாதீர்’ பலகையை நினைத்துப் பாருங்கள். பின்னால் வந்தவன் முன்னே போவதுதான் முந்துதல். எந்தப் பணியை எப்போது ஓட்டுவது என்று கணினி ஒதுக்கும்போது நடப்பதும் அதுவே.

இதன் துணைச்சொற்களைச் சோதிக்க மார்ஸ் பாத்ஃபைண்டரைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய கலத்தின் கணினி திரும்பத் திரும்பத் தன்னை மீள்தொடக்கம் செய்துகொண்டது. வானிலைத் தரவைச் சேர்க்கும் கீழ்நிலைப் பணி ஒரு பூட்டை (ஒன்றை ஒரு நேரத்தில் ஒரே பணி மட்டும் பயன்படுத்தச் செய்யும் ஏற்பாடு) வைத்திருந்தது. அந்தப் பூட்டுக்காக மேல்நிலைப் பணி காத்திருந்தது. நடுவில் இருந்த பணிகள் பூட்டே தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததால் கீழ்நிலைப் பணி பூட்டை விடவே வாய்ப்பு வரவில்லை. மேல்நிலைப் பணி நேரத்துக்கு முடியாததைக் கண்ட காவல் நிரல் எல்லாவற்றையும் அணைத்துத் தொடங்கிற்று. இது ‘முந்துமைப் பிறழ்வு’. பூமியிலிருந்து ஓர் அமைப்பை மாற்றிச் சரிசெய்தார்கள்: பூட்டை வைத்திருக்கும் வரை கீழ்நிலைப் பணிக்கு மேல்நிலைப் பணியின் முந்துமை கிடைக்கும். ஆங்கிலத்தில் இன்ஹெரிட்டன்ஸ் என்கிறார்கள். பட்டியலில் யாரோ ‘முன்னுரிமை மரபுரிமை’ என்று எழுதியிருக்கிறீர்கள். உரிமைக்கு மேல் உரிமை! பூட்டை விட்டதும் திருப்பிக் கொடுக்க வேண்டியதை மரபுரிமை என்று எப்படிச் சொல்வது? தாத்தா சொத்தை யாரும் மாலைக்குள் திருப்பித் தருவதில்லை. அது ‘முந்துமை இரவல்’.

ரேஷன் அட்டை பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: பி.எச்.எச். (பிரயாரிட்டி ஹவுஸ்ஹோல்ட்) அட்டையில் வரும் முன்னுரிமைக்கு வரிசையோடு தொடர்பே இல்லை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆளுக்கு 5 கிலோ தானியம் பெறத் தகுதியான குடும்பம் என்ற வகைப்பாடு அது. கடையில் எல்லோரும் அதே வெயிலில் அதே வரிசையில்தான். வங்கிகள் தங்கள் கடனில் 40 விழுக்காட்டை வேளாண்மை, சிறுதொழில் போன்றவற்றுக்குக் கொடுக்க வேண்டிய முன்னுரிமைத் துறைக் கடனும் அந்த மாதிரிதான். வழக்கில் ஊறிவிட்ட இரண்டையும் தொடாமல் விடுவோம்.

மூப்பு விதி, மூத்த பெயர், இளைய பெயர், காப்புப் பெயர் நான்கையும் இன்றிரவு பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். முந்துமைக்கு இன்னும் ஒரு வாரம் அடி விழட்டும். பாடநூல் பணியில் இருப்பவர்கள் முன்னுரிமைப் பங்குக்கு வேறு பெயர் சாத்தியமா என்று மட்டும் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த ஏழாம் இடத்து வாக்கியத்தில் ‘பங்கீட்டு வரிசை’ என்று மாற்றி ஒப்பேற்றிக்கொள்கிறேன்.