புதுப்பிப்பு: விலை ஸ்டிக்கரை மாற்றி ஒட்டிவந்து கத்தும் வாடிக்கையாளர்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நான் வேலை பார்க்கும் தள்ளுபடிக் கடையில் ஒருவர் மலிவான பொருளின் ஸ்டிக்கரை உரித்து வேறொன்றில் ஒட்டிவந்து சண்டை போடுகிறார் என்று கேட்டிருந்தேன்.

முதலில் மேலாளரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். தொல்லை ஒழிந்தால் போதும் என்று அவர் அந்த விலைக்கே கொடுத்துவிட்டார். ஆள் மறுநாளே திரும்ப வந்தார்!

“குற்றம் சாட்டாதே, ‘ஸ்டிக்கர் மாறியிருக்கிறது, சரியான விலை இது, வேண்டுமா?’ என்று மட்டும் கேள்” என்ற யோசனைதான் பலித்தது. கத்தினார். குரலை உயர்த்தாமல் அதையே திரும்பச் சொன்னேன். மூன்றாவது தடவை பொருளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் கை நடுங்கியது.

அப்புறம், உரித்தால் கிழிகிற ஸ்டிக்கருக்கு மாறினோம். எல்லாவற்றையும் மாற்றி ஒட்டும்போதுதான் தெரிந்தது, நாங்களே தவறாக ஒட்டியவையும் சில இருந்தன.